வளைவுக் கல்லூரியும் ஓட்டுக் கல்லூரியும்

"இந்த வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டும் பொறுப்பு உங்களுக்கு" என்று தலைமையாசிரியர் சொன்னால், அவர் உங்களைப் பெருமைப்படுத்துகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எனக்கும் அந்தப் பொறுப்பு அப்படித்தான் வந்தது. எண்பதுகளின் தொடக்கம், திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகாத காலம். நான் தாவரவியல் ஆசிரியர். செடிகொடிகளுக்கு வழி காட்டுகிறவன் பிள்ளைகளுக்கும் காட்டுவான் என்று நினைத்தார்களோ என்னவோ, ஜூன் மாதத்தில் ஒரு மேசையையும் ஒரு நாற்காலியையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்து நூறு மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு நீங்கள் தேவையில்லை. அவனைத் தேடி மாமா வருவார், சித்தப்பா வருவார், பக்கத்து வீட்டு ஓவர்சியர் வருவார். ஆளுக்கொரு வழி காட்டுவார்கள். அறுநூறு எடுத்த பிள்ளையைத் தேடி யாரும் வரமாட்டார்கள். சம்பளம் உங்களுக்கு அந்தப் பிள்ளைக்காகத்தான் கொடுக்கிறார்கள். இது எனக்குப் புரிய ஒரு பொன்னாடையும் ஒரு தட்டு கேசரியும் செலவாயின. இரண்டும் என்னுடையவை அல்ல.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. தேர்வு முடிவு வந்ததும் மதிப்பெண் வரிசைப்படி பெயர்ப் பட்டியல் எழுதுவோம். எழுதி முடித்ததும் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுப்போம். கோட்டுக்கு மேலே இருப்பவர்களைப் பற்றி மத்தியானம் முழுக்கப் பேசுவோம். இவனுக்கு மதுரையா, திருச்சியா, சென்னையிலேயே கிடைக்குமா என்று எங்கள் சொந்தப் பிள்ளைக்கு வரன் பார்ப்பதுபோல வாதாடுவோம். கோட்டுக்குக் கீழே வந்ததும் டீ வந்துவிடும். "இதுகளுக்கு எங்கேயாவது ஒரு இடம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அத்தோடு கூட்டம் கலைந்துவிடும். அந்தக் கோட்டை இழுக்கும் உரிமை வழிகாட்டி ஆசிரியருக்கு. அந்த ஆண்டு நான் அளவுகோல் வைத்து, கை நடுங்காமல், வெகு நேர்த்தியாக இழுத்தேன்.

அந்த 'எங்கேயாவது' ஒரு நாள் அம்பாசிடர் காரில் ஏறி எங்கள் பள்ளிக்கே வந்தது. வேடசந்தூர் போகும் சாலையில் புதிதாகத் தொடங்கிய கல்லூரி ஒன்றின் செயலாளர். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். வாய் நிறையச் சிரிப்பு, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. வந்தவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆசிரியர்கள் எல்லோருக்கும் கேசரியும் பஜ்ஜியும் கொண்டு வந்திருந்தார். கல்லூரியின் வண்ணப் படத்தையும் காட்டினார். படத்தில் பிரமாண்டமான நுழைவு வளைவு. இரண்டு பக்கமும் சிமெண்ட் யானை. வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது படத்தில் விழவில்லை.

"ஏனுங்க சார், நம்ம காலேஜ்ல மார்க்கே பாக்கறதில்லைங்க. பாஸா, வாங்க தம்பி, உக்காருங்க. அவ்வளவுதானுங்க" என்றார்.

நான் தாவரவியல் ஆசிரியன் அல்லவா? கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "பாட்டனி லேப் எப்படி?"

"எல்லாம் வந்துட்டே இருக்குதுங்க சார்."

எங்கிருந்து வருகிறது, எப்போது வந்து சேரும் என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். வாயில் கேசரி இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

அந்த வாரம்தான் பாண்டியம்மாள் அவள் அப்பாவுடன் என் மேசைக்கு வந்தாள். ஆயிரத்து இருநூறுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு. இயற்பியலில் எழுபத்தொன்று. எழுபது எடுத்தால் தேர்ச்சி என்பதால், ஒரு மதிப்பெண்ணை வீணாக அதிகம் எடுத்துவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். தாவரவியலில் மட்டும் நூற்று இருபத்தெட்டு. அந்தப் பெண் தண்டின் குறுக்குவெட்டைப் படம் வரைந்தால் என் மதிப்புக்குரிய பாடநூலே வெட்கப்படும். அதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பாராட்டெல்லாம் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தானே.

அப்பா வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிப்ட் வேலை. பஞ்சுத் தூசி தலையில் இருக்க, மில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருந்தார்.

"சார், பாட்டனிதான் படிப்பேன்னு நிக்கிறா. ஒரு வருசம் பாப்பேன். ஒழுங்காப் படிச்சுப் பாஸானா மேக்கொண்டு படிக்கட்டும். இல்லன்னா எங்க மில்லுலயே நூல் கோன் சுத்துற எடத்துல ஆள் எடுக்குறாக, சேத்துவிட்டுட்டு மாப்பிள்ளை பாத்துருவேன். அம்புட்டுத்தேன். நீங்க எந்தக் காலேஜ்னு சொல்றீகளோ அங்க விடுறேன்."

பாண்டியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசையில் கிடந்த யானைப் படத்தை எடுத்துக் காட்டினேன். "நானாச்சு" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. அவளுடைய மாற்றுச் சான்றிதழின் மூலத்தையே உறையில் போட்டு நானே பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தேன். டி.சி. என்பது ஒன்றே ஒன்றுதான், அதை வைத்திருக்கிற கல்லூரி விட்டால்தான் பிள்ளை வேறு கல்லூரிக்கு நகர முடியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதில் ஆசிரியர்களை மிஞ்ச ஆளில்லை.

ஆகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றரை மணிக்குப் பாண்டியம்மாள் பள்ளி வாசலில் நின்றாள்.

"என்னம்மா, காலேஜ் லீவா?"

"லீவெல்லாம் இல்ல சார். காலேஜ் முடிஞ்சுருச்சு."

"இம்புட்டு நேரத்துலயா?"

"தெனமும் இப்படித்தேன் சார். வந்து மொத ஒரு மணி நேரம் காமர்ஸ் சார் பாட்டனிப் புத்தகத்தப் பாத்து வாசிப்பாரு. நாங்க எழுதிக்கிருவோம். அப்புறம் போயிரலாம்னு சொல்லிருவாக."

"மைக்ராஸ்கோப் வந்துச்சா?"

"ஒண்ணு வந்துச்சு சார். பொட்டு வச்சுப் பூமாலை போட்டு செயலாளர் ரூம் பீரோவுல பூட்டி வச்சிருக்காக. ஆயுத பூசைக்குத்தேன் எடுப்பாகளாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அடுத்ததைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "தெனமும் மத்தியானமே வீட்டுக்கு வாரியே, படிக்கப் போறியா, ஊர் சுத்தப் போறியான்னு அப்பா கேக்குறாக சார். திங்கக்கிழமை மில்லுக்குப் பேர் குடுக்கணும்னு சொல்லிட்டாக."

செய்முறைத் தேர்வு இல்லாமல் அவள் முதலாண்டு தேற முடியாது. அந்தப் பீரோவை நம்பியிருந்தால் மூன்று ஆண்டுகளுக்கும் ஆயுத பூசைதான். மற்றக் கல்லூரிகள் சேர்க்கைப் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கையில் இருந்தது இரண்டரை நாள். இது அவளுடைய மதிப்பெண்ணால் வந்த வினை அல்ல. முழுக்க என்னால் வந்த வினை.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஆய்வக அலமாரியில் கிடந்த அவளுடைய பழைய செய்முறை நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். செயலாளரைப் பார்த்து டி.சி.யைத் திரும்ப வாங்குவதுதான் என் திட்டம். வாங்கிய பிறகு எந்தக் கல்லூரிக்குப் போவது என்று நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் என்னைவிடப் புத்திசாலிகள், யோசித்திருப்பீர்கள்.

அது ஒரு தனியார் பஸ். கண்டக்டரிடம் காலேஜ் ஸ்டாப் என்று கேட்டேன்.

"எந்தக் காலேஜ் சார்? வளைவுக் காலேஜா, ஓட்டுக் காலேஜா?"

"அதென்ன ஓட்டுக் காலேஜ்?"

"வளைவுக்கு முன்னாடி நாலு ஸ்டாப் சார். ஓடு போட்ட கட்டடம், கருவேல மரத்துக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். போர்டு கூட உருப்படியா இருக்காது."

அந்தக் கல்லூரியின் பெயரை நான் கேள்விப்பட்டிருந்தேன். அங்கிருந்து காரும் வரவில்லை, கேசரியும் வரவில்லை என்பதால் அது என் நினைவில் இடம் பெறவில்லை. "அங்க படிப்பு எப்படிப்பா?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு என்ன சார் தெரியும், நான் எட்டாங்கிளாஸ். ஆனா வளைவுக் காலேஜ் புள்ளைக பதினோரு மணி டிரிப்புலயே ஏறிருதுக. ஓட்டுக் காலேஜ் புள்ளைக நாலரை மணி டிரிப்புலதேன் ஏறுது. சில நாளு அதுவும் வாரதில்ல, அஞ்சரைக்குத்தேன் வரும். பாதிப் பேருக்கு விரலெல்லாம் செவப்பா இருக்கும். கம்பியப் புடிச்சாக் கம்பியெல்லாம் கறை. மொதலாளி என்னைய வைவாரு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிவப்பு விரல் என்றால் சாஃப்ரனின். தண்டையும் வேரையும் பிளேடால் மெல்லியதாகச் சீவி, அந்தச் சிவப்புச் சாயத்தில் நனைத்துத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். விரல் சிவந்திருக்கிறது என்றால் பிள்ளைகள் தங்கள் கையாலேயே சீவுகிறார்கள். எங்கள் பள்ளியில்கூட நாற்பது பேருக்கு இரண்டு பிளேடு. சீவுவது நான், எட்டிப் பார்ப்பது பிள்ளைகள். பதினைந்து ஆண்டு தாவரவியல் ஆசிரியன் கேட்கத் தவறிய கேள்விக்கு எட்டாம் வகுப்புக் கண்டக்டர், கேட்காமலேயே பதில் சொல்லிவிட்டார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஓட்டுக் கல்லூரி நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். இடத்தை உறுதி செய்யாமல் டி.சி.யை வாங்கினால் அவள் இரண்டு கரைக்கும் நடுவில் நிற்பாள் என்பது படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. முதலில் இடம், பிறகு காகிதம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தாவரவியல் துறைத் தலைவர் குள்ளமான ஒரு அம்மா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மாணவி ஒருத்தியின் பிளேடைப் பிடுங்கி, "கத்தரிக்கா அரியிறியா? மெல்லிசா சீவு" என்று திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டார். சொன்னேன்.

"மார்க் எவ்வளவு?"

"அறுநூற்றுப் பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டு, அவசரமாக, "ஆனா நல்ல பொண்ணு" என்றேன். மதிப்பெண் இல்லாத பிள்ளைக்கு நாம் கொடுக்கும் நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

"நல்ல பொண்ணா கெட்ட பொண்ணான்னு நான் கேட்கல. ரெக்கார்டு நோட்டு இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் கொடுக்கலைங்க. அவளாவே வரைவா."

"நீங்கதானே அவளுக்கு வாத்தியார்?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "ஒரு பையன் பாலிடெக்னிக் கிடைச்சுப் போயிட்டான். ஒரு இடம் காலியா இருக்கு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள அசல் டி.சி. வந்தா இடம் அவளுக்கு. நாலு அடிச்சு ஒரு நிமிஷம் ஆனாலும் பட்டியல் போயிடும்."

அங்கிருந்து வளைவுக்குப் போனேன். யானைகள் படத்தில் இருந்ததைவிட அழகாகவே இருந்தன. வளைவைத் தாண்டினால் ஒரு கொட்டகை, நான்கு அறைகள், ஒரு பீரோ. செயலாளர் எழுந்து நின்று கும்பிட்டார். டி.சி. என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

"அதெப்படிங்க சார் குடுக்கறது? இருக்கறதே இருபத்தேழு பேருங்க. ஒண்ணு போனா எல்லாம் போயிருமுங்க. திங்கக்கிழமை வாங்க, கமிட்டியில வச்சுப் பேசிக்கலாமுங்க."

திங்கட்கிழமை அவள் மில்லுக்குப் பெயர் கொடுக்கும் நாள். கெஞ்சினேன். அதட்டினேன். மறுநாள் வியாழக்கிழமையும் போனேன். செயலாளர் பழனிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய செருப்பு மட்டும் பழனிக்குப் போகாமல் வாசலிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு காரியம் செய்தேன். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, அவர் போர்த்திய பொன்னாடையையே தோளில் போட்டுக்கொண்டு, வளைவுக்குக் கீழே சாலையைப் பார்த்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். கல்லூரிக்கு உள்ளே போகாததால் வெளியே போ என்று சொல்ல முடியாது. சத்தம் போடாததால் போலீசைக் கூப்பிட முடியாது. பொன்னாடை போர்த்தியிருந்ததால் பைத்தியம் என்றும் சொல்ல முடியாது. சேர்க்கைக்கு இன்னும் ஆள் வந்துகொண்டிருந்த நேரம் அது. பஸ்ஸை விட்டு இறங்கும் ஒவ்வொரு பெற்றோரும் என்னைப் பார்த்து, "விழாங்களா சார்?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்க. இந்தப் பொன்னாடைய இந்தக் காலேஜ்தான் எனக்குப் போட்டுச்சு. நான் ஒரு புள்ளையச் சேத்துவிட்டேன். இப்ப அந்தப் புள்ளை டி.சி.யைக் கேட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்க உள்ள போங்க, மைக்ராஸ்கோப் இருக்கு, கும்பிட்டுட்டு வாங்க" என்றேன்.

பத்து மணி டிரிப்பில் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டார். என்ன ஏது என்று விசாரித்தார். அடுத்த டிரிப்பில் பஸ் நின்றதும் படியில் தொங்கியபடி குரல் கொடுத்தார். "வளைவு ஸ்டாப் எறங்கு! டி.சி. கேட்டு வாத்தியார் உக்காந்திருக்க எடமெல்லாம் எறங்கு!" பஸ்ஸே சிரித்தது. இறங்க எழுந்த ஒரு அப்பாவும் மகனும் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்கள். அதற்கடுத்த டிரிப்பில் யாருமே இறங்கவில்லை.

இரண்டே முக்காலுக்குச் செயலாளரே வந்தார். முகத்தில் 'ங்க' இல்லை. டி.சி.யை என் மடியில் போட்டார். பொன்னாடையை மடித்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ் மூன்றரைக்கு வந்தது. அன்று அந்த பஸ் நடு நிறுத்தம் ஒன்றில்கூட நிற்கவில்லை. நின்றிருந்தவர்களைப் பார்த்து, "செத்த நேரம் பொறுங்க, பின்னாடி வண்டி வருது!" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே வந்தார். பின்னால் வண்டியே கிடையாது. நான் முதல் நாளே சொல்லி வைத்தபடி ஓட்டுக் கல்லூரி வாசலில் பாண்டியம்மாள் நின்றிருந்தாள். அவள் கையில் டி.சி.யைக் கொடுத்தபோது மூன்று நாற்பது. அவள் ஓடினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றால், ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவளுடைய அப்பா பள்ளிக்குக் கோபமாக வந்தார். "சார், மத்தியானம் வந்தவ இப்ப இருட்டுற நேரத்துக்கு வாரா. அதுகூடப் பரவால்ல. படிக்கப் போறவளுக்கு எதுக்கு சார் மருதாணி? கையெல்லாம் செவப்பு! கேட்டா பாடம்ங்கிறா!"

மருதாணி இல்லை, செடியைச் சீவிப் பார்க்கும் சாயம் என்று விளக்கினேன். நம்பவில்லை. ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் என் விரலிலேயே சாயத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் விரலையே பார்த்தார். பிறகு, பஞ்சும் எண்ணெயும் ஊறிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப வேல செய்றான்னு சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் மில்லைப் பற்றிப் பேசவில்லை. முதலாண்டில் அவள் ஒரே முயற்சியில் தேறினாள். செய்முறையில் வகுப்பில் முதலாவது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தோடு ஓய்வு பெற்றிருப்பேன். மறு ஆண்டு ஜூன் மாதம் அதே மேசையில், புதுப் பெயர்ப் பட்டியலும் அளவுகோலும் சிவப்புப் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தபோது பாண்டியம்மாள் வந்தாள். விரல் சிவந்திருந்தது. ஒரு கட்டு விண்ணப்பப் படிவங்களை மேசைமேல் வைத்தாள்.

"எங்க காலேஜ் பாரம் சார். மேடம்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். கோட்டுக்குக் கீழ இருக்கவுகளுக்கு."

சிவப்புப் பென்சிலைப் பட்டியலுக்கு அடியில் தள்ளினேன். "எந்தக் கோடு?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"போன வருசம் நோட்டீஸ் போர்டுல லிஸ்டு ஒட்டுனீகல்ல சார், அந்தக் கோட்ட அழிக்காம அப்படியே ஒட்டிட்டீக. நாங்க எல்லாரும் பாத்தோம். எதுக்குன்னு மொதல்ல தெரியல. மேல இருந்தவுகளை எல்லாம் கூப்புட்டுக் கூப்புட்டுப் பேசுனீக, அப்பத்தேன் தெரிஞ்சுச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. ஊர்ச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். "கோட்டுக்குக் கீழ மொதப் பேரு நான்தேன் சார். உங்க கோடு எம் பேரு மேலயே பட்டுருந்துச்சு. எழுத்துத் தலையெல்லாம் செவப்பு ஒட்டியிருந்துச்சு."

தெரிந்தேதான் அவள் அன்று அப்பாவோடு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் யானைப் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

அவள் போன பிறகு புதுப் பட்டியலை எடுத்தேன். கடைசிப் பெயரிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன்.